கூடினால் கடைக்கு, குறைந்தால் கேஷியருக்கு

போன மாதம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் வேலை கிடைத்திருக்கிறது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்குகிற நாலைந்து தாள்களில் அதுவும் ஒன்று. "எனது கவுண்டரில் ரொக்கக் குறைவு ஏற்படுமாயின் அத்தொகையை எனது சம்பளத்தில் பிடித்தம் செய்துகொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன்." கீழே புள்ளிக்கோடு. படத்துக்கு அடியில் அவள் கேள்வி: "மாமா, போடலாமா? நீங்கதான இந்த வேலை பாத்தவங்க."

பார்த்தவன்தான். ஆனால் கேஷியராக இல்லை, கேஷியர்களுக்கு மேலே. 2016-லிருந்து 2019 வரை மதுரையில் ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோரில் கேஷ் இன்சார்ஜாக இருந்தேன். மொத்தம் எட்டுக் கவுண்டர். காலையில் ஒவ்வொன்றுக்கும் சில்லறை பிரித்துக் கொடுப்பது, ராத்திரி எட்டையும் எண்ணி டேலி பார்ப்பது, குறைந்தால் நோட்டில் எழுதி, சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி ஆபீசுக்கு அனுப்புவது. இதே போன்ற தாளில் நானே முப்பது நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். "முழு மனதுடன்" என்ற இடத்தில் ஒருவரும் நிறுத்திப் படித்ததில்லை. பேனா எங்கே என்றுதான் கேட்பார்கள். அதனால்தானோ என்னவோ, இந்தப் பெண் கேள்வி கேட்டதும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போட்டேன். ரெண்டு நாள் கழித்து அவளே, "போட்டுட்டேன் மாமா, இல்லாட்டி சேத்துக்க மாட்டாங்களாம்" என்று அனுப்பினாள். அவள் விஷயம் அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

மூணு

எங்கள் கடையில் கேஷியர்களுக்குப் பெயர் கிடையாது. இருந்தது, சம்பளப் பட்டியலில். தளத்தில் எல்லாரும் நம்பர்தான். "மூணு சாப்பிடப் போயிருக்கு", "அஞ்சுக்குப் பத்து ரூபாக் கட்டு வேணுமாம்", "ஏழுல கூட்டம் நிக்குது, என்னன்னு பாருங்க". ஆகையால் அந்தப் பெண்ணை இங்கேயும் மூணு என்றே சொல்கிறேன். பெயரைச் சொல்லாமல் இருக்க இது வசதியான வழியும்கூட.

மூணுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். திருமங்கலம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும். தபால்வழியில் பி.காம். எழுதிக்கொண்டிருந்தது. நோட்டு எண்ணும்போது உதடு அசையாது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முணுமுணுத்துத்தான் எண்ணுவார்கள். 200 ரூபாய் நோட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, எங்கள் கவுண்டர்களில் அது அடிக்கடி 100 என்று போய்க்கொண்டிருந்த காலம். மூணிடம் அந்தத் தப்பு வந்ததே இல்லை.

ராத்திரி டேலி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஷியர் தன் கல்லாவில் இருப்பதை நோட்டு வாரியாக எண்ணி ஒரு சீட்டில் எழுதித் தரவேண்டும். 2,000 எத்தனை, 500 எத்தனை, சில்லறை எவ்வளவு. காலையில் கொடுத்த ஓப்பனிங் கேஷைக் கழிக்கவேண்டும். அதுவரை சிஸ்டத்தில் அன்றைய விற்பனை எவ்வளவு என்பது கேஷியருக்குத் தெரியக்கூடாது. சீட்டு என் கைக்கு வந்த பிறகு நான் சிஸ்டத்தைத் திறப்பேன். அந்த ரெண்டு செகண்ட் இருக்கிறதே, பரீட்சை ரிசல்ட் போர்டில் நம்பர் தேடுகிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் புருவத்தை அசைத்தால் போதும், "உதைக்குதாண்ணே?" என்பார்கள்.

2018 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு நாளில் தீபாவளி. காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்கினோம், ராத்திரி பதினொன்றுக்குத்தான் இறக்கினோம். எட்டுக் கவுண்டரிலும் வரிசை எண்ணெய் டின்கள் அடுக்கியிருக்கும் இடம்வரை நின்றது. கேஷியர்கள் நாள் முழுக்க நின்றபடியேதான் வேலை பார்த்தார்கள். உட்கார ஸ்டூல் கிடையாது. (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியது 2021-ல்தான். கேரளத்தில் மூன்று வருஷம் முன்பே வந்துவிட்டது.) அன்றைக்கு ஆறு கவுண்டரில் சில்லறைத் தொகை கூடக்குறைய இருந்தது, அது தீபாவளிக்கு வழக்கம். மூணாவது கவுண்டரில் 2,340 ரூபாய் குறைந்தது.

மூணு நம்பவில்லை. திரும்ப எண்ணியது. மூன்றாவது முறை நான் எண்ணினேன். ட்ரேயைத் தூக்கிப் பார்த்தோம், பில் ரோல் வைக்கிற பெட்டியில், குப்பைக் கூடையில், கேரிபேக் கட்டுக்குள் எல்லாம் பார்த்தோம். திருமங்கலம் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அது சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, நான் எடுக்கலண்ணே."

எடுத்ததாக யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. மேனேஜர் சொல்லவில்லை. ஆனாலும் 'ஷார்ட்' என்று நோட்டில் எழுதும்போதே அந்தச் சந்தேகமும் கூடவே எழுதப்பட்டுவிடுகிறது. அதைப் போக்க அவர்களிடம் இருக்கும் ஒரே வழி, பேசாமல் கட்டிவிடுவது. கட்டினாலோ, தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சம்பளம் 7,500. ரெண்டு தவணையாகப் பிடிக்கச் சொல்லி, மாதம் 1,170 என்று சிவப்பு மையில் எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். நான் லேசாக, "நல்ல பொண்ணு சார், தீபாவளி நேரம்" என்று இழுத்தேன். "இன்னைக்கு மூணுக்கு விட்டா நாளைக்கு எட்டுக் கவுண்டர்லயும் ஷார்ட் வரும் தம்பி" என்றார்.

அந்த வாக்கியத்தை அப்போது நான் முழுசாக நம்பினேன். இப்போதும் அதில் பாதி நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். மளிகையில் லாபம் மெலிசானது. 2,340 ரூபாயைத் திரும்ப எடுக்க எத்தனை மூட்டை அரிசி விற்கவேண்டும் என்று கடை வைத்தவருக்குத்தான் தெரியும். பணத்தில் கைவைக்கிற கேஷியரும் உண்டு. நானே ஒருவரைப் பிடித்திருக்கிறேன். ஆனால் அவரைப் பிடித்த விதத்தைச் சொன்னால்தான் நான் சொல்லவருவது புரியும். வாடிக்கையாளர் பணம் கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் அவர் பில்லை கேன்சல் செய்வார். சிஸ்டத்தில் அந்த விற்பனை நடக்கவே இல்லை. அந்தத் தொகை அவர் பாக்கெட்டுக்குப் போகும். ராத்திரி டேலியில் ஒரு ரூபாய் உதைக்காது. எட்டு மாதம் அவர் கல்லா அப்பழுக்கில்லாமல் இருந்தது. சரக்கு இருப்பு எடுத்தபோதுதான் மாட்டினார். யோசித்துப் பார்த்தால், தொழிலாகத் திருடுகிறவரின் கல்லாவில் பணம் குறையாது. குறைய விட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். குறைவது அவசரத்தில் மீதி கூடக் கொடுத்தவருக்கும், ஒட்டிக்கொண்ட புது நோட்டை ஒன்றாக எண்ணியவருக்கும், பதினாலு மணி நேரம் நின்று கால் மரத்துப்போனவருக்கும்தான். திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் மாதாமாதம் இவர்கள்தான் விழுந்துகொண்டிருந்தார்கள். வலையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பவுடர் டப்பா

அஞ்சாம் கவுண்டர் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினோரு வருஷ சர்வீஸ். என் காலத்தில் ரெண்டு ஆண்டு விழாவிலும் சிறந்த கேஷியர் பரிசு அவருக்குத்தான், ஒரு வருஷம் எவர்சில்வர் டிபன் கேரியர், மறு வருஷம் சுவர்க் கடிகாரம். காரணம், அக்காவின் கல்லா உதைத்ததே இல்லை. பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். மனிதர்கள் கையால் பணம் வாங்கிக் கொடுக்கிற இடத்தில் மாதக்கணக்காகப் பூஜ்ஜியம் வருவது நடக்காத காரியம் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அல்லது உறைக்க வேண்டாம் என்று இருந்தேன்.

ரகசியம் அக்காவின் ட்ரேக்கு அடியில் இருந்த பழைய முகப்பவுடர் டப்பா. ஒரு ரூபாய் மீதி தரவேண்டிய இடத்தில் கேஷியர் மிட்டாய் நீட்டுவதை எல்லாரும் அனுபவித்திருப்போம். சில்லறை இல்லை என்பது பல நாள் உண்மைதான். ஆனால் நீட்டிய மிட்டாயை எல்லாரும் எடுப்பதில்லை. பாதிப் பேர் "பரவால்ல வைம்மா" என்று போய்விடுவார்கள். அந்த ரூபாய் டப்பாவுக்குள் போகும். 47 ரூபாய் 50 காசு பில்லுக்கு ஐம்பதைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போகிறவரின் ரெண்டரை ரூபாயும் போகும். இருபது ரூபாய் குறைகிற அன்றைக்கு டப்பாவிலிருந்து இருபது எடுத்துக் கல்லாவில் வைத்து எழுதிவிடுவார். முப்பது கூடினால் முப்பதையும் டப்பாவில் போட்டுவிடுவார். என் கைக்கு வருவது பூஜ்ஜியம்.

அக்கா அதில் ஒரு பைசா வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்று என்னால் அடித்துச் சொல்லமுடியும். ஒருநாள் நான் டப்பாவைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவரே சொன்னார்: "கூடுனா நீங்க வாங்கிக்கிறீங்க, கொறஞ்சா நாங்க கட்டணும். அப்ப நாங்க எங்கிட்டுப் போறது?" அது இன்ஷூரன்ஸ். பிரீமியம் கட்டியது கடைக்கு வந்துபோன ஜனங்கள், ஆளுக்கு ஒரு ரூபாயாக. பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக்கொடுத்துவிட்டு, நாம் கேட்க மறந்து இறங்கினால் பேசாமல் இருக்கிறாரே, அதிலும் கொஞ்சம் இந்தக் கணக்கு உண்டு என்று நினைக்கிறேன். அவரும் டெப்போவில் இறங்கிப் பையைக் கவிழ்த்துக் காட்டவேண்டியவர்தான்.

எட்டில் ஆறு கவுண்டரில் இப்படி ஏதாவது ஒன்று இருந்தது. மாத்திரை டப்பா, ஜாமெட்ரி பாக்ஸ், ஒருவர் மஞ்சள் துணி முடிச்சு. மூணிடம் இல்லை. கூடினால் அப்படியே எழுதி என்னிடம் கொடுத்துவிடும். எக்ஸஸ் 12, எக்ஸஸ் 5, எக்ஸஸ் 63. அந்த 63-ஐக் கொடுத்த அன்று, "யாரோ நூறு ரூபா குடுத்துட்டு மீதி வாங்காமப் போயிட்டாங்கண்ணே, வந்தா குடுத்திருங்க" என்று தனியாகவும் சொன்னது. யாரும் வரவில்லை. பிற்பாடு ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை மூணு கூடுதலாகக் கொடுத்த தொகை 386 ரூபாய். அது கணக்கில் 'இதர வரவு' என்று ஏறியிருந்தது. 2,340 பிடிக்கும்போது இந்த 386-ஐக் கழிக்கலாமே என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது வேறு நோட்டு.

கூடியது அவர் தப்பால் கூடியது, ஆனால் கடைக்குச் சொந்தம். குறைந்தது அவர் தப்பால் குறைந்தது, ஆகவே அவர் கடன். இந்த விதிக்குள் நேர்மையாக இருப்பவருக்கு நஷ்டம் நிச்சயம். ரகசிய டப்பா வைப்பவருக்கு டிபன் கேரியர். விதியைப் போட்டவர்கள் இதை உத்தேசித்துப் போடவில்லைதான். ஆனால் எட்டுப் பேரில் ஆறு பேருக்குப் பொய்க்கணக்கு எழுதப் பழக்கிக் கொடுத்தது அந்த விதிதான்.

மூணு பதினேழு

டிசம்பர் ரெண்டாவது வாரம் ஆடிட்டர் ஆபீசிலிருந்து கார்டு கணக்கைக் கேட்டார்கள். கார்டு மெஷினில் ராத்திரி செட்டில்மென்ட் அடித்தால் மறுநாள் பாங்கு தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மொத்தமாக வரவு வைக்கும். எட்டு மெஷின் பணமும் கலந்து, கமிஷன் போக ஒழுங்கில்லாத தொகையாக வரும் என்பதால் அன்றாடம் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அன்றைக்கு நான் ஒவ்வொரு மெஷினின் செட்டில்மென்ட் சீட்டையும் எடுத்துச் சிஸ்டம் கணக்கோடு வைத்து டிக் அடித்துக்கொண்டே வந்தேன். நவம்பர் 4, மூணாம் கவுண்டர். சிஸ்டத்தில் உள்ள கார்டு விற்பனையைவிட மெஷின் சீட்டில் 2,340 ரூபாய் கூடுதல்.

தொகையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பணம் தொலையவே இல்லை. யாரோ கார்டில் கட்டிய பில், சிஸ்டத்தில் கேஷ் என்று ஏறியிருக்கிறது. சிஸ்டம் கல்லாவில் 2,340 ரூபாய் நோட்டாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தது. பணமோ பாங்குக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பாங்கில் ஒருமுறை, அந்தப் பெண்ணின் சம்பளத்தில் ஒருமுறை என்று ஒரே பில்லுக்கு நாங்கள் ரெண்டு தடவை வசூலித்திருந்தோம். 2,340 ரூபாயும் அந்த ஒரே பில்தான் என்பதால் இன்னொன்றும் தெரிந்தது. அந்தத் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, பதினாலு மணி நேரத்தில், மூணின் கல்லா ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

பில்லைத் தேடி எடுத்தேன். நேரம் 3:16. கார்டு சீட்டில் 3:17. லாகின், மூணுடைய லாகின்.

மூன்று மணிக்குத்தான் மூணு சாப்பிடப் போகும். கூட்ட நாளில் கவுண்டரை மூடமுடியாது, லாகினை மாற்ற நேரமிருக்காது. கேஷியர் எழுந்துபோக இன்சார்ஜ் அப்படியே போய் நின்று பில் போடுவான். அந்த இன்சார்ஜ் நான்.

ஆளும் ஞாபகத்துக்கு வந்தார். வேட்டி கட்டிய பெரியவர், பச்சரிசியும் மண்டை வெல்லமும் நெய்யும் மூன்று பையில். ரூபாய்க் கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தார், நான் கேஷ் என்று அழுத்திவிட்டேன். பிறகு, "இருப்பா, மகன் கார்டு குடுத்துவிட்டிருக்கான், அதுல போடு" என்றார். போட்டேன். பின்னால் இருபது பேர். சிஸ்டத்தில் மாற்றவேண்டும் என்று நினைத்ததாகக்கூட ஞாபகமில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். நான்தான் கவுண்டரில் இருந்தேன் என்பதையும் சொன்னேன், அவரிடம் சொல்வதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ரெண்டாவது தவணையை நிறுத்தச் சொல்லிவிட்டார். முதல் 1,170-ஐத் திருப்பித் தரச் சொன்னதற்கு, "நவம்பர் சம்பளக் கணக்கு குளோஸ் ஆயிருச்சே தம்பி. அந்தப் பொண்ணு கேட்டுச்சா?" என்றார். கேட்கவில்லை. கேட்காத பணம் எங்கள் ஆபீசில் எந்தக் காலத்திலும் நகர்ந்ததில்லை. அன்று சாயங்காலம் என் பணத்தில் 1,170 எடுத்து ஒரு கவரில் போட்டு, ஆபீஸ் கொடுத்த மாதிரி கொடுத்தேன். "கார்டு பில் ஒண்ணு கேஷ்ல ஏறிருச்சும்மா. சிஸ்டம் கோளாறு."

மூணு கவரைப் பிரிக்கவில்லை. "எத்தன மணி பில்லுண்ணே?" என்று கேட்டது.

"மத்தியானம்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அதற்கு மேல் மணி கேட்கவில்லை.

நேரடியாக என்ற சொல்

அதற்குப் பிறகுதான் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். அதுவரை மூன்று வருஷம் பிடித்தம் போட்டவன், அது எந்தச் சட்டப்படி என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. 1936-ல் வந்த ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே இதற்கு இடம் இருந்தது. கணக்குக் காட்டவேண்டிய பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கலாம். ஆனால் அந்த இழப்பு அந்த ஊழியரின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டதாக இருக்கவேண்டும். நேரடியாக. கவுண்டர் நம்பரும் லாகினும் பொருந்தினால் போதும் என்று அதில் இல்லை. அடுத்ததாக, பிடிக்கும் முன் அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்கவேண்டும். இழப்பைவிடக் கூடுதலாகப் பிடிக்கக்கூடாது, பிடித்ததைப் பதிவேட்டில் எழுதவேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளுக்கான 1947-ம் ஆண்டுச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே வாசகம். 2019-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் இதை மாற்றவில்லை: நேரடியாக ஏற்பட்ட இழப்பு, விளக்கம் சொல்ல வாய்ப்பு, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பு. தப்பாகப் பிடித்தது நிரூபணமானால் தொகையைத் திருப்பித் தருவதோடு அதைப்போல 10 மடங்குவரை இழப்பீடு தரச் சொல்லவும் வழி இருக்கிறது. சட்டம் கொடுத்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த எழுத்து செல்லாது. ஆக, "முழு மனதுடன்" தாளுக்கு மதிப்பு எவ்வளவு என்றால், அதைப் பார்த்துப் பயப்படுகிறவரின் பயம் எவ்வளவோ அவ்வளவு.

எங்கள் கடையில் பதிவேடு மட்டும் இருந்தது, சிவப்பு மை நோட்டு. விளக்கத்துக்கு அதில் ஒரு பத்திகூட இல்லை. தேதி, கவுண்டர், தொகை, தவணை, மேனேஜர் கையெழுத்து. "நான் எடுக்கலண்ணே" என்று மூணு சொன்னதுதான் விளக்கம் என்றால், அதை எழுத இடமில்லை. சாப்பிடப் போயிருந்தபோது வேறொருவர் பில் போட்டார் என்று அந்த ராத்திரியே எழுதியிருந்தால், ஒருவேளை நானே அந்த இருபது நிமிஷத்தைப் புரட்டிப் பார்த்திருப்பேன்.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் தேடினேன், ஒரு ஆர்வத்தில். இங்கிலாந்தில் சில்லறைக் கடை ஊழியரிடம் கல்லாக் குறைவுக்காக ஒரு சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது, கடைசிச் சம்பளம் மட்டும் விலக்கு. கலிபோர்னியாவில் இன்னும் கறார்: நேர்மையின்மை, வேண்டுமென்றே செய்தது, மிக மோசமான அலட்சியம் இவை இருந்தாலொழிய பிடிக்கவே கூடாது. 1962-ல் வண்டியில் உணவு விற்பவர்களின் பணக் குறைவு பற்றிய ஒரு வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியை உறுதி செய்தது. சாதாரணக் கைப்பிசகு எந்த வியாபாரத்திலும் உள்ளது, அது முதலாளி தாங்கவேண்டிய தொழில் செலவு என்பதுதான் அடிப்படை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஜெர்மனி. அங்கே கல்லாக் குறைவுக்கு ஊழியரைப் பொறுப்பாக்கி ஒப்பந்தம் போடலாம். ஆனால் அந்தக் கல்லாவில் அவர் ஒருவர் கை மட்டுமே பட்டிருக்கவேண்டும். கூடவே அந்த அபாயத்துக்கு ஈடாகச் சம்பளத்தோடு ஒரு படியும் தரவேண்டும்; பொறுப்பு அந்தப் படி அளவோடு நின்றுவிடும். அஞ்சாம் கவுண்டர் அக்காவின் பவுடர் டப்பாவைச் சட்டப்படி முதலாளி செலவில் வைத்த மாதிரி.

நம் ஊரில் இப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லமுடியாது. பாங்கில் ரொக்கம் பார்ப்பவர்களுக்குச் சிறப்புப் படி உண்டு. 2016 நவம்பர் 8 ராத்திரிக்குப் பிறகு வந்த வாரங்களில் என் மச்சான் பாங்கு கேஷ் கவுண்டரில் இருந்தான். பழைய ஐநூறும் ஆயிரமும் மூட்டையாக வர, புது ரெண்டாயிரம் போக, ரெண்டு நாள் கைக்காசு போட்டுத்தான் டேலி செய்தான். "அந்தப் படியெல்லாம் இதுலயே போயிருச்சு மாப்ள" என்று சிரித்தான். அவனுக்குச் சிரிக்க முடிந்தது, யூனியன் இருந்தது, பென்ஷன் இருந்தது. மூணுக்கு இருந்தது திருமங்கலம் பஸ்.

இப்போது பாதி வியாபாரம் ஸ்கேன் பண்ணிக் கட்டுவதாகிவிட்டது, கல்லாவில் நோட்டே குறைவு, இந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். என் தப்பு நோட்டில் நடக்கவில்லையே. எந்த வழியில் பணம் வந்தது என்று அழுத்துகிற பட்டனில் நடந்தது. வழிகள் கூடக்கூடப் பட்டன்களும் கூடும். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்களுக்கும் கேஷியர்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா மகளுக்குக் கடைசியில் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். போட்ட கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே. காலையில் கொடுக்கிற சில்லறையை எண்ணாமல் வாங்காதே. எழுந்து போனால், பாத்ரூமுக்கென்றாலும், லாக் அவுட் பண்ணிவிட்டுப் போ. இன்சார்ஜ் திட்டினாலும் பண்ணு, திட்டுகிறவன்தான் உன் இடத்தில் உட்காரப்போகிறவன். கூடினாலும் எழுது, எழுதியதைப் போனில் படம் எடுத்து வை. குறைந்தால் வாயால் சொல்லாதே, ஒரு தாளில் எழுதிக் கொடு, நகல் வைத்துக்கொள். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு டப்பா வச்சுக்கட்டுமா மாமா? பக்கத்துக் கவுண்டர் அக்கா வச்சிருக்காங்க" என்று கேட்டாள். வைக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூணு கவரை வாங்கிக்கொண்டது என்று மேலே எழுதினேனா? பார்த்தால் எழுதவில்லை. வாங்கிக்கொண்டது, மறுநாள். முந்தின நாள் கவுண்டர் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் டேலி முடிந்து எல்லாரும் போன பிறகு நின்று, "அண்ணே, அந்த நோட்டுல எழுதியிருக்கீங்கல்ல, அத அடிச்சிருங்க" என்றது. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோட்டை எடுத்தேன். நவம்பர் 4, மூணு, 2,340, சிவப்பு மை, கீழே மேனேஜர் கையெழுத்து. அவர் கையெழுத்துப் போட்ட வரியை நான் எப்படி அடிப்பது? மேஜையில் பென்சில் கிடந்தது. வரிக்குப் பக்கத்தில் சின்னதாக, 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் காட்டினேன்.

குனிந்து படித்தது. கவரை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே, "பேனால எழுதுங்கண்ணே" என்றது.

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.